முதல் வேண்டாம்

சீனாவுக்குப் போய், பண்டாக் கரடி பார்க்கப் போகிற பஸ்ஸிலும் ஏறி இருந்துவிட்டு, பண்டாவைப் பார்க்காமலே வீடு திரும்பிய ஆட்கள் உலகத்தில் எத்தனை பேரோ தெரியாது. டென்மார்க்கில் எங்கள் கோல்டிங் நகரத்தில் இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான், மற்றது மாமி. என் மகள் சுகிக்கு அப்போது ஒன்பது வயது. இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

மாமி என்றால் சொந்த மாமி இல்லை. எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருந்தவர். ஊரில் எண்பத்துமூன்றாம் ஆண்டு நடந்த இனவன்செயலுக்குப் பிறகு அகதியாக டென்மார்க்குக்கு வந்த முதல் தமிழ்க் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நாங்கள் அதற்கு முந்தியே வந்துவிட்டோம். என் மனுசன் கப்பலில் வேலை செய்து, ஒரு துறைமுகத்தில் இறங்கி, பிறகு ஏறாமல் விட்டவர். அதனால் புதிதாக வருகிற எங்கட சனத்துக்கு டெனிஷ் கதைக்க நான்தான் ஆள். டொக்டரிடம் போனாலும் கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோருக்குப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாமி மட்டும் கூப்பிடமாட்டார். வந்து கதிரையில் இருந்து, "பிள்ளைக்கு நாளைக்குச் சோலி ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். இருக்கு என்றால் எழும்பிப் போய்விடுவார். அவருக்குப் பல்லுக்கொதி என்பது, கன்னம் வீங்கின பிறகு மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாத மனுசி. யாராவது தாங்களாகக் கொண்டுவந்து நீட்டினாலும் முதல் வார்த்தை "வேண்டாம்" தான்.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று கேட்டதும் ஓம் என்று சொல்கிற ஆளை நான் கண்டதில்லை. "இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்" என்போம். குடித்திருக்கமாட்டோம். அது வீட்டுக்காரருக்கும் தெரியும். திரும்பக் கேட்பார்கள். "சேச்சே, உங்களுக்கேன் வீண் கரைச்சல்" என்போம். மூன்றாம் தரம் கேட்காமலே தேத்தண்ணி வரும். எங்களுக்கெல்லாம் இது ஒரு விளையாட்டு மாதிரி. மாமிக்கு இது வேதம்.

டென்மார்க் இதற்குத் தோதான நாடு இல்லை. இங்கே "நை டக்" என்றால் வேண்டாம், அவ்வளவுதான். ஒருக்கால், ஒரேயொரு முறைதான், கேட்பார்கள். வேண்டாம் என்றால் அதை மதித்து விட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களுக்கு மரியாதைக்கேடு. பாவம், அவர்களிலும் பிழை சொல்ல முடியாது.

சுகியின் வகுப்பு ரீச்சர் பிர்கித், நல்ல மனுசி, ஒருநாள் எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தார். மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அடுக்கடுக்காகக் கிறீமும் பழமும் வைத்த பெரிய கேக். பிர்கித் தட்டை நீட்டினார். மாமி சிரித்துக்கொண்டு "நை டக்" என்றார். தட்டு மேசையைச் சுற்றிப் போய், தன் இடத்தில் இருந்துவிட்டது. மாமி அதையே பார்த்துக்கொண்டு வெறும் கோப்பியைக் குடித்தார். திரும்பி வருகிறபோது பஸ் தரிப்பில் நேர அட்டவணையை இரண்டு தரம் பார்த்தார். பிறகு, "நல்ல கேக் போல கிடந்தது, என்ன?" என்றார்.

அடுத்த முறை நான் பொறுக்கமுடியாமல், "அவவுக்குக் கேக் விருப்பம்" என்று டெனிஷில் பிர்கித்திடம் சொல்லிவிட்டேன். பெரிய துண்டாக வந்தது. மாமி தின்றார். வெளியில் வந்ததும், "என்ர வாயுக்குள்ளை கையை விட்டு ஏன் பிடுங்கினனீர்?" என்று கேட்டவர், பிறகு ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கோட்டுக் கதை இன்னொன்று. முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டு டெனிஷ் மனுசி நல்ல தடித்த கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாமியிடம் நீட்டியிருக்கிறா. மாமி "நை, நை" என்றிருக்கிறார். மனுசி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டா. இரண்டு நாளில் அந்தக் கோட்டு, எங்கள் சந்தியில் இருந்த பழைய உடுப்புக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. அந்தக் குளிர் முழுக்க மாமி மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார். முதியோர் இல்லத்தின் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. என்னோடு போனால் கையைக் காட்டி, "அந்தா, என்ர கோட்டு நிக்குது" என்பார். சிரிப்பார். எனக்கு விசர் வரும்.

"வேணுமெண்டால் வேணுமெண்டு சொன்னால் என்ன மாமி, வாய் நோகுமோ?"

"உடன ஓம் எண்டால் காணாததைக் கண்ட பறக்காவெட்டி எண்டு நினைப்பினம் பிள்ளை. வேண்டாம் எண்ட பிறகும் தந்தால்தான், மனமாத் தருகினம் எண்டு தெரியும்."

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் கோபம் போகவில்லை.

வாங்குகிற பக்கத்தில் இப்படியென்றால், கொடுக்கிற பக்கத்தில் வேறு மாதிரி. மற்ற ஆட்கள் வேண்டாம் என்பதையும் மாமி கணக்கில் எடுக்கமாட்டார். ஒருமுறை மாமி வீட்டில் பிர்கித்தைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். புட்டும் மீன்குழம்பும். முதல் கோப்பை முடிந்ததும் பிர்கித் "நை டக்" என்றார். மாமி ஒரு கரண்டி போட்டார். பிர்கித் அதையும் தின்றுவிட்டு, வயிற்றைத் தடவிக் காட்டி, "நை டக், நை டக்" என்றார். இன்னொரு கரண்டி. மூன்றாம் தரம் பிர்கித் கோப்பைக்கு மேலே கையை விரித்து மூடிக்கொண்டார். மாமியின் புட்டுக் கரண்டி, ஆவி பறக்க, அந்தக் கைக்கு மேலேயே நின்றது. கை தான் கடைசியில் விலகியது. போகும்போது படியில் நின்று பிர்கித் என்னிடம் கேட்டார்: "அவவுக்கு வேண்டாம் என்கிற சொல் விளங்காதோ?"

"விளங்கும், நம்பமாட்டா" என்றேன்.

மாமிக்கு ஒரு மகன் இருந்தான், வயதில் இளையவன். வன்செயலுக்கு முந்தின வருசம் புலமைப்பரிசில் கிடைத்துச் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவன். அவன் புறப்படும்போது மாமி வாசலில் நின்று கை காட்டிய வீடு இப்போது இல்லை. மாமி டென்மார்க்கில், பெடியன் சீனாவில், அதற்குப் பிறகு ஒருத்தரையொருத்தர் காணவே இல்லை. படிப்பு, நாங்கள் சீனாவுக்குப் போன அந்த வருசக் கோடையோடு முடிகிறது. முடிந்ததும் ஊருக்குத்தான் போவேன், ஊர் ஆசுப்பத்திரியில்தான் வேலை செய்வேன் என்று எழுதியிருந்தான். அந்தக் காலத்தில் ஊரில் இருபத்தைந்து வயதுப் பெடியன் ஒருவன் காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால் பின்னேரம் வருவான் என்று ஒருத்தரும் சொல்லமுடியாது. மாமியின் தமக்கையின் மகன் அப்படிப் போய்த் திரும்பி வராதவன். ஊருக்குப் போகாதே, எங்களிடம் வா என்று மகனுக்குச் சொல்லவேண்டும். மாமிக்கு இருந்தது அந்த ஒரு யோசனைதான்.

சொன்னாரோ? கடிதத்தில், "இஞ்ச இப்ப குளிர் குறைவு. கோல்டிங் ஆசுப்பத்திரி நல்ல பெரிசு" என்று எழுதுவார். அவன், "சந்தோசம் அம்மா" என்று பதில் போடுவான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பிர்கித் ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து ஈஸ்டர் விடுமுறையில் சீனாவுக்கு. பழைய அரண்மனைகள், கோயில்கள், கூத்து, அதோடு காட்டு மிருகங்கள். சுகியின் அறைச் சுவர் முழுக்கப் பண்டாப் படம். வேறு கதை இல்லை, நாங்கள் பெயர் கொடுத்துவிட்டோம். மனுசனுக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை என்பதால் நானும் சுகியும்தான்.

இரண்டு நாள் கழித்து மாமி வந்து கதிரையில் இருந்தார்.

"சீனாவிலை நல்ல மிருகங்களாம், சுகி சொன்னவள்."

"ஓம் மாமி."

"எனக்கும் உந்த மிருகங்களைப் பாக்க நல்ல விருப்பம்."

படியில் ஒரு சின்ன நாய் நின்றாலே வீட்டுக்குள் திரும்பி ஓடுகிற மனுசி. நான் சிரிக்கவில்லை. அடுத்த நாளே அவருடைய பெயரையும் கொடுத்தேன். அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் அவரிடம் இருந்தது. இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அதில் அச்சடித்திருக்கும். டிக்கற் மருமகனின் பொறுப்பு.

மகனுக்குப் பரீட்சைக் காலம். எங்கள் பயணத்தில் ஒரேயொரு நாள்தான் வர வசதிப்படும் என்று எழுதியிருந்தான். பண்டாக் காட்டுக்குப் போகிற வழியில் செங்டு என்ற நகரத்தில் தங்குவோம். அங்கே வருவான், அன்று பின்னேரமே ரயில் ஏறவேண்டும். அதே நாள் காலையில் குழு காட்டுக்குப் புறப்படுகிறது, இரவு மலையில் தங்கல். ஆகவே மாமி செங்டு ஹோட்டலில் நின்றுகொள்ள வேண்டும். பிர்கித்திடம் ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"சொல்லுங்கோ மாமி."

"அவை கேப்பினம்தானே. கேட்டால் சொல்லுவம்."

"கேளாவிட்டால்?"

"அவ்வளவு தூரம் போற ஆளிட்ட, அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேளாத மனுசரும் இருப்பினமோ? நீர் வாயைத் திறக்கக்கூடாது. முந்தின மாதிரிச் செய்தால் நான் வரமாட்டன்."

என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழும்பினார். டெனிஷ்காரர் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருத்தரின் சொந்த விசயத்தைக் கிளறக்கூடாது என்பது அவர்களின் பண்பு. விமானத்தில் பிர்கித் மாமிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். யன்னலுக்கு வெளியே முகிலைக் காட்டினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு சரி.

பீக்கிங்கில் அரண்மனை பார்த்தோம். முற்றத்துக்குப் பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். மாமி ஒரு தூணடியில் இருந்து, "இதைக் கூட்டித் துடைக்கிற ஆளை நினைச்சுப் பாரும்" என்றார். கூத்துப் பார்த்தோம். தாளமும் பறையும் அடித்த அடியில் சுகி நித்திரையாகிவிட்டாள். மாமி கடைசிவரை கண் வெட்டாமல் இருந்தார். கூண்டில் பொன்னிற மயிரும் நீல முகமுமாகக் குரங்குகள். "குளிரிலை விறைச்ச முகம் மாதிரிக் கிடக்கு, பாவங்கள்" என்றார். நல்லாய்த்தான் இருந்தது எல்லாம். ஆனால் எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும், இன்றைக்காவது சொல்லுவா, இன்றைக்காவது சொல்லுவா என்று பிர்கித்தையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களோடு பயணம் முழுக்க வந்த வழிகாட்டி ஒரு சீனப் பிள்ளை. இரட்டைப் பின்னல், நீலச் சட்டை, பள்ளிக்கூட இங்கிலிஷ். மூன்றாம் நாள் பிர்கித் குழுவின் சார்பில் அவளுக்கு ஒரு தகர ரின்னில் டெனிஷ் பிஸ்கற் நீட்டினார். அவள் இரண்டு கையையும் ஆட்டி "நோ, நோ, தாங்க்யூ" என்றாள். பிர்கித் தலையாட்டிவிட்டு ரின்னைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மாமி எனக்கு முழங்கையால் இடித்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பிஸ்கற் வேணும்."

"வேண்டாம் எண்டெல்லோ சொன்னவள்?"

"ஒருக்காத்தானே கேட்டவை."

பின்னேரம் அந்த ரின்னைப் பிர்கித்திடம் கேட்டு வாங்கித் தரச் சொல்லி, அதுவும் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான், என்னை அனுப்பினார். பிறகு தானே கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் நீட்டினார். "நோ, நோ." திரும்ப நீட்டினார். "நோ, டூ மச்." மூன்றாம் தரம் அவளின் கையைப் பிடித்து, ரின்னை வைத்து, விரல்களை மூடிவிட்டார். அந்தப் பிள்ளை குனிந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஏதோ பழைய சிநேகிதம் மாதிரிச் சிரித்தார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் மாமிக்குப் பக்கத்தில் வந்திருந்து, மாமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மீனின் நல்ல சதையாகப் பிய்த்துப் பிய்த்து மாமியின் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மாமி எல்லாவற்றையும் தின்றார். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து பிறத்தியார் மேசையில் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"இதுகள் எங்கட ஆக்கள், பிள்ளை" என்றார் ஏப்பத்தோடு.

செங்டுவில் அந்தக் காலை வந்தது. மாமி இன்னும் சொல்லவில்லை. பஸ் ஹோட்டல் வாசலில் இயந்திரம் ஓடியபடி நிற்கிறது. எல்லாரும் ஏறினோம். மாமியும் ஏறினார். மடியில் கைப்பை, அதற்குள் மகனுக்காகக் கோல்டிங்கில் பொரித்து வந்த தட்டை வடைக் கடதாசிச் சரை. பிர்கித் முன்னுக்கு நின்று சொன்னார்: "பாதை மோசம், மலை ஏற்றம் அதிகம். யாராவது களைப்பென்றால் இங்கே நிற்கலாம், ஒரு பிரச்சினையும் இல்லை." சொல்லிவிட்டு நேரே மாமியைப் பார்த்தார். "நீங்கள்? களைத்த மாதிரித் தெரிகிறீர்கள். நிற்கப்போகிறீர்களா?"

கேட்டுவிட்டார். எத்தனை நாள் பார்த்திருந்த கேள்வி.

மாமி சிரித்தார். "நை, நை" என்றார்.

"நல்லது" என்றார் பிர்கித். சந்தோசமாகத் திரும்பி, தன் இடத்தில் போய் இருந்தார்.

பழக்கம். வேறொன்றும் இல்லை, வாயில் ஊறிய பழக்கம். முதல் கேள்விக்கு அந்த வாயில் வேறு பதில் கிடையாது. நான் பின்கதிரையில் இருந்து முழங்காலால் அவருடைய கதிரையைத் தள்ளினேன். திரும்பவில்லை. சரைப் பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. "அம்மா, ஏன் உதைக்கிறீங்கள்?" என்றாள் சுகி டெனிஷில். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, எழும்பிக் கத்துவோம் என்று நான் கதிரைப் பிடியில் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த வழிகாட்டிப் பிள்ளை ஆட்களைப் பார்த்துக்கொண்டு நடையில் வந்தாள். மாமிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்கள் களைப்பு. நிற்கிறீர்களா?"

"நோ, நோ."

போகவில்லை, அங்கேயே நின்றாள். "ஹோட்டல் நல்லது. படுக்கலாம்."

"நோ, நோ. ஐ கம்."

மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. மாமியின் மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் கதவுப் பக்கம் நடந்தாள்.

மாமி எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போனார். சுகியைப் பிர்கித்தின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் இறங்கினேன். தெரியாத ஊரில் மனுசியைத் தனியே விட ஏலுமே? "அம்மா, உங்களுக்குப் பண்டா பார்க்கக் கிடைக்காது!" என்று யன்னலால் கத்தினாள் சுகி. நீ பார்த்து வந்து சொல்லு என்றேன்.

பெடியன் மத்தியானம் வந்தான். மெல்லிய நீலப் பருத்திச் சட்டை, தோளில் துணிப்பை, இருந்த உடம்பில் பாதிகூட இல்லை என்று மாமி பிறகு சொன்னார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. சட்டையின் கையைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "உது என்ன, இவ்வளவு மெல்லிசு" என்றார். பிறகு, "சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா, ரயிலிலை."

சரை அவிழ்ந்தது. "இப்ப வேண்டாம் அம்மா" என்றான். மாமி நீட்டிக்கொண்டிருந்தார். "பேந்து தின்னுறன்" என்றான். மூன்றாம் தரம் கையில் வைத்தார். ஒன்று தின்றான். பிறகு நிமிரவே இல்லை, சரை வெறுங்கடதாசியாகும்வரை தின்றான்.

நான் வெளியே போக எழும்பினேன். "இரும் பிள்ளை" என்றார் மாமி. நான் யன்னலடியில் இருந்தேன். மாமி என்னை ஒருக்கால் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"தம்பி, படிப்பு முடிய ஊருக்குப் போகாதை. எங்களிட்ட வா."

குளிர் எப்படி என்று இல்லை, ஆசுப்பத்திரி பெரிசு என்று இல்லை. எனக்கு அந்த மனுசியைப் பழக்கமான காலத்தில், ஒரு வசனத்தை வளைக்காமல் நேராகச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வேண்டாம் அம்மா" என்றான். "அங்க ஆசுப்பத்திரியளிலை டொக்டர்மார் இல்லை. நான் படிச்சது அதுக்குத்தானே? அகதியெண்டு வந்து அங்க கோப்பை கழுவவோ?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தாயின் கையைப் பார்த்தான். சவர்க்காரத் தண்ணியில் வெடித்த விரல்கள். மாமி அதைக் காணாத மாதிரி, "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவனுடைய வேண்டாம் தேத்தண்ணிக்குச் சொல்கிற வேண்டாம் இல்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. யோசித்து, தீர்மானித்து, மனதார வைத்திருந்த வேண்டாம். பிர்கித் என்றால் கேட்டதும் மதித்து விட்டிருப்பார். நானும் விட்டிருப்பேன்.

பின்னேரம் தெருவோரக் கடை ஒன்றில் நூடில்ஸ் சாப்பிட்டோம். மாமி தன் கிண்ணத்தில் பாதியை அவனுடையதில் சரித்துவிட்டுக் கேட்டார்: "வாறியோ தம்பி?"

"அம்மா, கேக்காதேங்கோ. வேண்டாம்."

ஸ்ரேசனில் ரயில் வந்து நின்றது. நான் மாமியின் காதுக்குள், "இன்னொருக்காக் கேளுங்கோ" என்றேன். "பொறும்" என்றார். அவன் ஏறினான். யன்னலால் கையைக் காட்டினான். ரயில் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சனத்துக்குள் நின்று கத்தினேன். "ஏன் விட்டனீங்கள்? பாதி உலகம் தாண்டி வந்தது இதுக்குத்தானே?"

"மூண்டாந்தரமும் வேண்டாம் எண்டால், பேந்து கேக்க ஏலாது பிள்ளை. அதுதான் பதில். என்னட்ட ஒண்டுதான் மிச்சம் கிடக்கு."

அவர் பயந்துபோய் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் சுகி மலையிலிருந்து வந்தாள். பண்டா முழுநேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் தின்றதாம், ஒருக்கால்தான் திரும்பிப் பார்த்ததாம், அதுவும் தன்னைத்தானாம். திரும்புகிற விமானத்தில் பிர்கித்துக்கு விசயம் தெரியவந்தது. நான்தான் சொன்னேன், இனிச் சொல்லலாம் என்று மாமியே விட்டுவிட்டார். பிர்கித் அதிர்ந்துபோனார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்டேனே."

"ஒருக்கால்தானே கேட்டனீங்கள்" என்றேன். அதற்குப் பிறகு பிர்கித்தின் வீட்டுக்குத் தமிழ் ஆட்கள் போனால் கேக் தட்டு மூன்று முறை மேசையைச் சுற்றும். மாமி மூன்றாம் சுற்றில் எடுப்பார்.

கோல்டிங்குக்கு வந்த பிறகு மாமி அந்த ஒரு கேள்வியோடு வசந்தம் முழுக்க நடமாடினார். எங்கள் வீட்டுக்கு வருவார். "உங்கட ரெலிபோன் வேலை செய்யுதோ?" என்பார். செய்யுது மாமி, எடுக்கட்டோ என்றால், "சேச்சே, சும்மா கேட்டனான்" என்று போய்விடுவார். கடைசிப் பரீட்சை முடிந்தது என்று மகன் எழுதினான். கொழும்புக்கு இடம் பதிந்துவிட்டான், அடுத்த கிழமை விமானம். அன்றைக்கு மாமி வந்து கதிரையில் இருந்தார். ரெலிபோனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானே எக்ஸ்சேஞ்சுக்கு அடித்து, சீனாவில் மாணவர் விடுதி இலக்கத்தைச் சொல்லிப் பதிந்தேன். இரண்டு பேரும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு காலை முழுக்க இருந்தோம். ஆடி மாத வெயில். வாசல் நடையில், என் மனுசன் கப்பலில் வந்தபோது போட்டுவந்த கறுத்தக் கம்பளிக் கோட்டு வருசக்கணக்காகத் தொங்குகிற கொளுக்கியில் தொங்கியது.

மணி அடித்தது. மாமி எடுத்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"தம்பி? ஓம், அம்மாதான். சாப்பிட்டியோ?... இல்லை, இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. சுகம்." வயரை விரலில் சுற்றினார். "தம்பி, வாறியோ?"

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்கவில்லை. மாமியின் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "ம்" என்றார். கனநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம். ம்… சரி அப்பு. வைக்கிறன்."

வைத்தார். ரெலிபோனுக்குக் கீழே விரித்திருந்த துணியின் சுருக்கத்தைக் கையால் தடவி நேராக்கினார்.

"என்ன மாமி சொன்னவன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசல் நடைப் பக்கம் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட மனுசன் அந்தக் கறுத்தக் கோட்டை இப்ப போடுறேல்லை, என்ன?"

வெளியில் பிள்ளைகள் காற்சட்டையோடு ஓடித் திரிகிற வெயில். நான் அப்படியே குசினி வாசலில் குந்தியிருந்து அழுதேன். மாமி அழவில்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெடியனுக்குத் தோள் அகலம் காணுமோ என்று அளக்கிற மாதிரி.

"இல்லை மாமி, அவருக்கு இப்ப இறுக்கம்" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கொண்டுபோங்கோ."

"சேச்சே, வேண்டாம் பிள்ளை. சும்மா கேட்டனான்."

நான் எழும்பிப் போய்க் கோட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன்.